ஃபைரூஸின் "ஷாதி" பாடல் எதைப் பற்றியது?

காதல் பாட்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, இது சிறுவயதுத் தோழனைப் பற்றியது.

லெபனான் பாடகி ஃபைரூஸுக்காக ரஹ்பானி சகோதரர்கள் உருவாக்கியது. காட்டுப் பக்கமிருந்து வரும் ஷாதியோடு ஒரு சிறுமி பனியில் விளையாடுகிறாள். ஒருநாள் சண்டை மூள்கிறது. வேடிக்கை பார்க்க அவன் பள்ளத்தாக்கை நோக்கி ஓடுகிறான். இவள் கூப்பிடுவது அவன் காதில் விழவில்லை. அதன்பின் அவனைக் காணவே இல்லை.

அப்புறம் வருவதுதான் பாட்டின் உயிர். இருபது முறை பனி வந்து போகிறது, இவள் வளர்ந்துவிட்டாள், ஷாதி மட்டும் அதே சிறுவனாகப் பனியில் விளையாடிக்கொண்டிருக்கிறான். ஆண்டுக் கணக்கைப் பனியை வைத்தே சொல்லிவிடுகிறார்கள். போரில் யார் பக்கம் நியாயம் என்ற பேச்சே கிடையாது. இலக்கிய அரபியில் இல்லாமல் லெபனான் பேச்சு வழக்கில் பாடுவதால், ஒரு பெண் நம்மிடம் நேரில் சொல்வதுபோலவே இருக்கும்.