பிஎச்சி-ல (ஆரம்ப சுகாதார நிலையத்துல) நர்ஸ் இருக்கும்போது வீட்டுக்கு வர்ற சுகாதார தன்னார்வலர் எதுக்கு?

நர்ஸோட வேலைய பிரிச்சுக்கத்தான். ஸ்டாஃப் நர்ஸுக்கு பிரசவம், ஊசி, டிரஸ்ஸிங், ரிஜிஸ்டர்னே நேரம் போயிடும், இதுல பிரஷர் சுகர் பாக்க ஊர் ஊரா எங்க போறது? நம்ம கிருஷ்ணகிரி சாமனப்பள்ளில 2021 ஆகஸ்ட் 5ம் தேதி ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசு திட்டத்துல இதத்தான் பண்ணாங்க, உள்ளூர் பொண்ணுங்களுக்கே பயிற்சி குடுத்து வீட்டுலயே பிரஷர் பாத்து மாத்திரை குடுக்கறது, படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு தனி நர்ஸ், பிசியோதெரபிஸ்ட். அதே மாவட்டத்துல தளி பக்கம் தெலுங்கு, கன்னடம் பேசுற வீடுங்க நிறைய, அங்க உள்ளூர் ஆளு போனாதான் பேச்சே ஓடும். ஆனா ஒண்ணு, தன்னார்வலர் டோஸ மாத்தக்கூடாது, ரீடிங் ஏறுனா டாக்டர்கிட்ட அனுப்பணும், இந்த எல்லை முதல்லயே தெளிவா இல்லன்னா நர்ஸுக்கு வேலை குறையாது, ரெட்டிப்பாகும்.