கேள்வி-பதில்: வாட்ச் வாங்கும் முன் கையை அளந்தீர்களா?

கேள்வி: என் மணிக்கட்டின் சுற்றளவு 16 செ.மீ. 40 மி.மீ. வாட்ச் பெரிதாகத் தெரியுமா?

பதில்: இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. 40 என்பது வட்டத்தின் குறுக்களவு. கையில் சரியாக உட்காருமா என்பதைச் சொல்வது இன்னொரு அளவு. பட்டையைக் கோர்க்கும் கொம்புகள் இருக்கின்றன அல்லவா, மேல்கொம்பின் நுனியிலிருந்து கீழ்க்கொம்பின் நுனி வரையுள்ள நீளம் அது. ‘லக் டு லக்’ என்பார்கள். விற்கிறவர்கள் பலர் இதைப் போடுவதே இல்லை. எனக்கு இதில் தீராத கோபம். வாங்குகிறவருக்கு முதலில் தெரியவேண்டிய அளவே இதுதான். ஒரு ஸ்கேலை வைத்து அளந்து எழுத எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

பழைய 42 மி.மீ. வாட்ச் எனக்கு நன்றாகப் பொருந்தியதால், இன்னொரு 42 வாங்கினேன். வந்ததன் கொம்பு நீளம் 52. என் மணிக்கட்டின் மேற்புற அகலம் 50. கொம்புகள் இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. பட்டைக்கும் தோலுக்கும் நடுவே விரல் நுழைந்தது. பணம் போனதுதான்.

சுற்றளவு ஒன்றாக இருந்தாலும் ஒருவர் மணிக்கட்டு தட்டையாக இருக்கும், இன்னொருவருக்கு உருண்டையாக இருக்கும். அதனால் அகலத்தை அளங்கள். உள்ளங்கை கீழே இருக்கும்படி கையை மேசைமேல் வைத்து, இரு பக்கமும் தடித்த புத்தகங்களை ஒட்டி நிறுத்துங்கள். கையை எடுத்துவிட்டு இடைவெளியை அளங்கள். கொம்பு நீளம் அதைவிட நாலைந்து மி.மீ. குறைவாக இருந்தால் தைரியமாக வாங்கலாம்.

கேள்வி: 36 மி.மீ. சதுர வாட்ச் சின்னதாகத் தெரியாதா?

பதில்: தெரியாது. மூலைக்கு மூலை அளந்தால் ஏறக்குறைய 51 வரும்.

கேள்வி: படம் பிடித்திருந்தது, வாங்கிவிட்டேன். 46 மி.மீ. என்று பிறகுதான் பார்த்தேன். ஒரு மாதம் கட்டியாயிற்று. செயினில் கழற்றிய கண்ணிகளையும் காணோம். திருப்பித் தரலாமா?

பதில்: ஒரு மாதம் கட்டியதை யார் திரும்ப எடுப்பார்கள்? அளவு பக்கத்திலேயே இருந்தும் நீங்கள் பார்க்கவில்லை. கண்ணிகளைத் தேடி எடுங்கள். அவை இல்லாமல் வேறு பெரிய கைக்காரருக்கு விற்பதும் கஷ்டம்.

கேள்வி: 40 மி.மீ. என்று போட்டிருந்தார்கள். வந்ததை அளந்தால் 37. கேட்டால், ‘சாவி கொடுக்கும் திருகையும் சேர்த்துத்தான் 40’ என்கிறார்கள். தவறு என்னுடையதா?

பதில்: இல்லவே இல்லை. குறுக்களவைத் திருகைச் சேர்க்காமல் சொல்வதுதான் வழக்கம். நீங்கள் அதை நம்பி வாங்கியது நியாயம். கண்ணாடி மேலுள்ள படலத்தை உரிக்காதீர்கள், செயினைக் குறைக்காதீர்கள். வெர்னியர் அளவுகோலை வைத்து அளப்பதைப் படம் எடுங்கள். அவர்கள் 40 என்று போட்ட பக்கத்தையும், மாற்றிவிடும் முன், இன்றைக்கே படமெடுத்து வையுங்கள். இரண்டையும் அனுப்பி, முழுப் பணத்தையும் எழுத்தில் கேளுங்கள். வேறு வாட்ச் தருகிறோம் என்றால், அதன் கொம்பு நீளத்தைக் கேட்காமல் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.