ஐ.நா.வைக் கேட்காமல் ஒரு வட்டார அமைப்பு படை அனுப்ப முடியுமா?

ஏட்டில் உள்ளபடி முடியாது. உள்ளூர்ச் சச்சரவை முதலில் வட்டார அமைப்புகளே பேசித் தீர்க்கட்டும் என்கிறது ஐ.நா. சாசனத்தின் 8-ஆம் அத்தியாயம். படைபலம் என்று வந்துவிட்டால், 53-ஆம் பிரிவின்படி பாதுகாப்புச் சபையின் அனுமதி வேண்டும்.

நடைமுறை வேறு. 1990-இல் லைபீரிய உள்நாட்டுப் போர் முற்றியபோது, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பான எக்கோவாஸ் அந்த அனுமதி இல்லாமலே படையை இறக்கியது. பெரும்பாலோர் நைஜீரிய வீரர்கள். சபை கண்டிக்கவில்லை, 1991 ஜனவரியில் பாராட்டி அறிக்கையே விட்டது! காரியம் முடிந்தபின் கிடைக்கும் ஆசி அனுமதிக்குச் சமமா என்று சட்ட அறிஞர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். என்னைக் கேட்டால், இல்லை.

இப்போதைய பெரிய இழுபறி பணத்தில். சபை அனுமதித்த ஆப்பிரிக்க ஒன்றியப் படைகளின் செலவில் 75 சதவீதம் வரை, உறுப்பு நாடுகள் ஐ.நா.வுக்குக் கட்டும் கட்டாயப் பங்குத்தொகையிலிருந்து தரலாம் என்றது 2023 டிசம்பரில் வந்த 2719-ஆம் தீர்மானம். ஆனால் மறு ஆண்டே சோமாலியாவுக்கு அதைப் பயன்படுத்தும் பேச்சு எழுந்தபோது அமெரிக்கா ஒத்துக்கொள்ளவில்லை.