காலி நாற்காலிக்கு ஒரு தட்டு

வணக்கம் ஐயா,

லீட்ஸில் நர்ஸாக இருக்கிறேன். கூட வேலை பார்க்கும் ஆங்கிலேயப் பெண்மணி, இயற்கையையும் பழங்காலத் தெய்வங்களையும் வழிபடும் விக்கா மார்க்கத்தைச் சேர்ந்தவர். போன அக்டோபர் 31 இரவு, இறந்தவர்களை நினைக்கும் சவ்வின் பண்டிகைக்கு வீட்டுக்குக் கூப்பிட்டார். இறந்துபோன அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட்டு, தட்டில் உணவும் வைத்திருந்தார். சாப்பிட்டு முடியும்வரை யாரும் பேசக்கூடாது. பாதியில் அழுதுவிட்டார். அம்மா தோளில் கை வைத்ததாகப் பிறகு சொன்னார். அந்த மதமே 1950களில் உருவானது என்று படித்தேன். அப்படியானால் இதெல்லாம் கற்பனைதானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் படித்தது பெரும்பாலும் சரி. விக்காவைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா சுங்கத் துறையிலும் வேலை பார்த்தவர். பிரிட்டனில் 1951இல் சூனியச் சட்டம் நீங்கியதும் வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். ஆதிகாலம் தொட்டு ரகசியமாக வரும் மதம் என்றார். அதற்குச் சான்றில்லை என்று வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன் 1999இல் விரிவாகக் காட்டினார். விக்காவினர் உட்பட, பழந்தெய்வங்களை வழிபடும் பேகன்கள் பலரும் அதை ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டும் சடங்கைக் கைவிடவில்லை. எனக்கு அவர்கள்மேல் மதிப்பு வந்ததே இதனால்தான். அப்பாவுக்குப் பிடித்ததைப் படையலில் வைக்கும்போது, இந்த வழக்கம் எந்த நூற்றாண்டில் வந்தது என்று நாமும் கேட்பதில்லையே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கனவிலோ தியானத்திலோ தெய்வம் ஏதோ உணர்த்தியதாகத் தோன்றினால், அதைச் 'சரிபார்க்கப்படாத தனிப்பட்ட அறிதல்' என்று சொல்லியே பிறரிடம் பகிரும் பழக்கம் அவர்களிடம் உண்டு. வட ஐரோப்பியத் தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் இதில் மிகவும் கறார். அந்தத் தெய்வங்களின் பழங்கதைகளைச் சொல்லும் எட்டா பாடல்களில் இருப்பது வேறு, எனக்குத் தோன்றியது வேறு. எனக்குத் தோன்றியதை நீ நம்பியாக வேண்டியதில்லை என்பார்கள். தனக்குக் கிடைத்ததை இறுகப் பிடித்துக்கொண்டே அடுத்தவர் மேல் ஏற்றாமல் இருப்பது லேசான காரியமா?

விக்காவில் தீட்சைக்கு முன் ஓராண்டும் ஒரு நாளும் பயிலச் சொல்வது பழைய வழக்கம். அந்நாட்களில் பலர் கனவு, பிறையின் நாள், சடங்கின்போது மனம் இருந்த நிலை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுகிறார்கள். மாதங்கள் கழித்துப் புரட்டினால், தெய்வக் குரல் என்று நினைத்ததில் எவ்வளவு தன் பயம், எவ்வளவு தன் ஆசை என்று பிடிபடும். அவர்கள் சொல்லும் வளர்ச்சியில் பெரும்பங்கு இந்த நோட்டில்தான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

அம்மா வந்தாரா என்று என்னால் சொல்ல முடியாது. உங்கள் தோழி அழுததை நீங்களே பார்த்தீர்கள். அதைக் கற்பனை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தத் தட்டில் என்ன வைத்தார், அம்மா அதை எப்படிச் சமைப்பார் என்று ஒருநாள் கேளுங்கள். இந்த வருடமும் கூப்பிட்டால் போய் வாருங்கள்.