பணமா, கிளப்பின் பண்பாடா: ரக்பி லீக் கேள்வி பதில்

2025 அக்டோபரில் பிரிஸ்பேன் பிராங்கோஸ் 19 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையைத் தூக்கியதிலிருந்து ஒரே கேள்வி பல உருவங்களில் வந்துகொண்டிருக்கிறது. ரக்பி லீக்கில் ஜெயிக்க வைப்பது காசா, கிளப் கல்ச்சரா? ஆஸ்திரேலியாவின் என்.ஆர்.எல், இங்கிலாந்தின் சூப்பர் லீக் இரண்டையும் விடாமல் பார்த்து வருகிறவன் என்ற முறையில், வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, அடிப்படைச் சந்தேகம். ரக்பி லீக் என்பது நாங்கள் டிவியில் பார்க்கும் ரக்பி உலகக் கோப்பை ஆட்டம்தானா?

நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் யூனியன். அதில் பக்கத்துக்கு 15 பேர். லீக்கில் 13 பேர், ஆறு டேக்கிளுக்குள், அதாவது எதிரணி ஆறு முறை பிடித்து வீழ்த்துவதற்குள், பந்தை முன்னால் கொண்டுபோயாக வேண்டும். இரண்டும் பிரிந்ததே காசு விஷயத்தில்தான். வட இங்கிலாந்தில் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவர்கள், சனிக்கிழமை ஷிப்டை விட்டுவிட்டு ஆட வந்தார்கள். அந்த நாள் கூலியை ஈடுகட்டித் தர வேண்டும் என்று கிளப்கள் கேட்டன, ரக்பி சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டலில் கூடி அந்தக் கிளப்கள் தனியே போயின. அதனால் காசு வந்துதான் ஆட்டம் கெட்டது என்று லீக் ரசிகர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. உழைப்பாளிக்குக் கூலி வேண்டும் என்பதில் பிறந்த ஆட்டம் இது.

கேள்வி: எல்லா கிளப்புக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு இருக்கிறதே. அப்புறம் பணக்கார கிளப், ஏழை கிளப் என்று ஏன் பேசுகிறோம்?

நல்ல கேள்வி. உச்சவரம்பு வீரர்களின் சம்பளத்துக்கு மட்டும்தான். 2023-ல் என்.ஆர்.எல் கிளப் ஒவ்வொன்றும் தன் முதல் 30 வீரர்களுக்கு 12.1 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் வரை செலவு செய்யலாம் என்று இருந்தது. ஒளிபரப்பு வருமானத்திலிருந்து லீக் கொடுக்கும் மானியமே அந்தத் தொகையை ஈடுகட்டிவிடுகிறது. அதனால் களத்தில் இறங்கும் வீரர்களின் சம்பளத்தில் 17 கிளப்களுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

வித்தியாசம் வருவது உச்சவரம்பு தொடாத இடங்களில். பயிற்சி மைதானம், பிசியோ, திறமை தேடி ஊர் ஊராகப் போகிறவர்கள், 14 வயதுப் பையன்களுக்கான அகாடமி என எல்லாமே இதில் அடக்கம். இங்கே வசதியான கிளப் கூடுதலாகச் செலவு செய்ய முடியும். ஆனால் இந்தச் செலவு பலன் தர ஏழெட்டு வருடம் ஆகும். அதுவரை நிர்வாகம் பொறுமையாக இருக்க வேண்டும், அந்தப் பொறுமைதான் கிடைப்பதில்லை. கல்ச்சர் என்று நான் முதலில் பார்ப்பது அதைத்தான். டிரெஸ்ஸிங் ரூமில் எழுதி ஒட்டும் வாசகங்களுக்கு அப்புறம்தான் வருகிறேன்.

கேள்வி: உச்சவரம்பு இல்லாத காலத்தில் காசுதானே ஜெயித்தது?

ஆமாம், சந்தேகமே வேண்டாம். இங்கிலாந்தின் விகன் கிளப் 1988 முதல் 1995 வரை தொடர்ந்து எட்டு சேலஞ்ச் கப் (அங்குள்ள நாக்-அவுட் கோப்பை) வென்றது. மற்ற கிளப்பின் ஆட்டக்காரர்கள் பகலில் வேறு வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சிக்கு வந்த நாட்களில், விகன் முழுநேர அணியை வைத்திருந்தது. 1992-ல் விட்னஸ் கிளப்பிடமிருந்து மார்ட்டின் ஆஃபையாவை 4,40,000 பவுண்டுக்கு வாங்கியது. அன்றைக்கு அது சாதனைத் தொகை. அந்த அணியின் ஆட்டம் அழகானது, எனக்கும் பிடிக்கும். ஆனால் போட்டி சமமாக இருந்தது என்று சொல்ல மாட்டேன்.

கேள்வி: பென்ரித் நாலு வருடம் தொடர்ந்து ஜெயித்ததன் ரகசியம் என்ன? அவர்களும் பணக்கார கிளப்தானே?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

பென்ரித் 2021, 2022, 2023, 2024 என நான்கு பிரீமியர்ஷிப் (என்.ஆர்.எல் கோப்பை) வென்றது. உச்சவரம்பு உள்ள காலத்தில் இதற்கு நிகராக எதுவும் இல்லை. 1956 முதல் 1966 வரை செயின்ட் ஜார்ஜ் தொடர்ந்து 11 முறை வென்றது, ஆனால் அது வேறு உலகம்.

பென்ரித்திடம் காசு இருப்பது உண்மை. பெரிய லீக்ஸ் கிளப், அதாவது உறுப்பினர்களுக்கான பொழுதுபோக்கு மையம், இருக்கிறது, ஹோட்டல், உணவகம், சூதாட்ட இயந்திரங்கள் எல்லாம் அதில் உண்டு. அந்த வருமானத்தை அவர்கள் எங்கே கொட்டினார்கள் என்பதுதான் கவனிக்க வேண்டியது. சிட்னியின் மேற்கு ஓரத்தில் இருக்கும் பென்ரித் ஜூனியர் மாவட்டம், உலகத்திலேயே அதிகப் பிள்ளைகள் ரக்பி லீக் ஆடும் பகுதிகளில் ஒன்று. மவுண்ட் டிரூயிட், செயின்ட் மேரிஸ் பக்கம் சமோவா, டோங்கா குடும்பங்கள் நிறைய. முன்பெல்லாம் அங்கே வளர்ந்த பையன்களை மற்ற கிளப்கள் அள்ளிக்கொண்டு போகும். 2011-ல் ஃபில் கூல்ட் நிர்வாகத்துக்கு வந்த பிறகு, வெளியிலிருந்து நட்சத்திரங்களை வாங்குவதைக் குறைத்து இந்தப் பையன்களை வளர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். ஜரோம் லுவாய், பிரையன் டோஓ, ஸ்டீஃபன் கிரைட்டன் எல்லாம் அப்படி வந்தவர்கள். சின்ன வயதிலேயே ஒன்றாக ஆடி ஒன்றாக மேலே வந்தவர்கள்.

2023 கிராண்ட் ஃபைனலின், அதாவது கோப்பைக்கான இறுதி ஆட்டத்தின், கடைசி 20 நிமிடத்தைத் திரும்பப் பாருங்கள். பிரிஸ்பேன் 24-8 என்று முன்னிலை. அவர்களின் எஸ்ரா மேம் ஒருவரே மூன்று ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதிப்பது) அடித்திருந்தார். லுவாய் தோள்பட்டைக் காயத்தோடு வெளியே போய்விட்டார். அந்த நிலையில் மற்ற அணிகள் நீளமான பாஸ்களை வீசிப் பதறும். பென்ரித் அப்படிச் செய்யவில்லை. மோசஸ் லெயோட்டா ஒரு ட்ரை, கிரைட்டன் ஒரு ட்ரை, கடைசியில் நேதன் கிளியரி தடுப்பு வரிசைக்குள் புகுந்து ஒன்று. முடிவு 26-24. கிளியரி பெரிய சம்பளக்காரர், அவரைக் காசால் வைத்திருக்கலாம். ஆனால் அவரைச் சுற்றி ஓடிய மற்றவர்கள், எந்தக் கணத்தில் யார் எங்கே நிற்பார்கள் என்று சொல்லாமலே தெரிந்தவர்கள். அது ஒரு சீசனில் வாங்கக்கூடிய பொருள் இல்லை.

இன்னொரு விஷயம். ஜெயிக்க ஜெயிக்க வீரர்களின் விலை ஏறும், உச்சவரம்பு எல்லோரையும் வைத்துக்கொள்ள விடாது. கிக்காவ், கோரோயிசாவ், கிரைட்டன், லுவாய், ஃபிஷர்-ஹாரிஸ் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். அப்படியும் அணி நின்றது. 2025-ல் ஒரு கட்டத்தில் புள்ளிப்பட்டியலில் கடைசி இடத்துக்குப் போய், அங்கிருந்து ஏறி, கிராண்ட் ஃபைனலுக்கு முந்தைய ஆட்டத்தில் பிரிஸ்பேனிடம் 16-14 என்றுதான் தோற்றது. நாலு கோப்பையைவிட அந்த மீட்சியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: கல்ச்சருக்கு எல்லோரும் மெல்போர்ன் ஸ்டார்மைக் காட்டுகிறார்கள். அவர்கள் ஏமாற்றிப் பிடிபட்டவர்கள் அல்லவா?

ஆமாம், அதை மழுப்பக் கூடாது. 2010 ஏப்ரலில் உச்சவரம்பை மீறியது வெளிவந்தது. கணக்கை இரண்டு விதமாக வைத்திருந்தார்கள். 2007, 2009 பிரீமியர்ஷிப்களைப் பறித்தார்கள், 1.689 மில்லியன் டாலர் அபராதம் போட்டார்கள், அந்த வருடம் முழுக்கப் புள்ளியே இல்லாமல் ஆட வைத்தார்கள். மறைத்துக் கொடுத்த பணம்தான் அந்த அணியைக் கலையாமல் வைத்திருந்தது. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. நேர்மையாக ஆடிய கிளப்களின் ரசிகர்கள் இன்னும் கோபப்படுவது நியாயமே.

ஆனால் அடுத்து நடந்ததையும் பார்க்க வேண்டும். கிரெக் இங்கிலிஸ் உட்படப் பலரை விட்டுவிட்டு, கணக்கைச் சுத்தம் செய்துகொண்டு, 2012-ல் கேன்டர்பரியை 14-4 என்று வென்றார்கள். பிறகு 2017, 2020. 2003 முதல் கிரெய்க் பெல்லமிதான் பயிற்சியாளர். அந்த 2010-ஐத் தவிர 2025 வரை ஒவ்வொரு வருடமும் ஃபைனல்ஸுக்கு, அதாவது சீசன் முடிவில் முன்னணி அணிகள் மோதும் சுற்றுக்கு, வந்திருக்கிறார்கள். விக்டோரியா மாநிலமோ ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஊர், அங்கே உள்ளூர் ஜூனியர்களும் குறைவு. கேமரன் ஸ்மித், பில்லி ஸ்லேட்டர், கூப்பர் கிராங்க் மூவரும் குயின்ஸ்லாந்திலிருந்து பெரிய பெயரில்லாமல் வந்தவர்கள்.

புதிதாக வரும் வீரர்களைச் சீசனுக்கு முன் சில நாட்கள் கட்டட வேலை போன்ற உடலுழைப்புக்கு பெல்லமி அனுப்புவது பிரசித்தம். விடியற்காலையில் எழுந்து, நாள் முழுக்கச் சுமை தூக்கிவிட்டு, அப்புறம் பயிற்சிக்கும் வர வேண்டும். ரசிகன் சம்பாதிக்கிற விதம் இதுதான் என்று காட்டுவதற்காக. இதற்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. இருபது வருடத்துக்கு மேல் ஒரே ஆள் அதை விடாமல் செய்ததில்தான் பலன் இருக்கிறது.

கேள்வி: பிராங்கோஸ் ஜெயித்தது காசு ஜெயித்ததுதானே?

ஒரு நகரமே பின்னால் நிற்கும் கிளப், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது, பெரும்பங்கு நியூஸ் கார்ப்பிடம். வசதியில் முன்வரிசைதான். அதே கிளப் 2006-க்குப் பிறகு 2025 வரை கோப்பை இல்லாமல் இருந்தது. நடுவில் 2020-ல் மூன்றே வெற்றியோடு வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடம். காசு அந்த வருடங்களிலும் இருந்தது. பயிற்சியாளராக மைக்கேல் மக்குவையர் வந்து உடற்பயிற்சியையும் ஒழுங்கையும் இறுக்கினார். 2014-ல் சவுத் சிட்னிக்கு 43 வருடப் பஞ்சத்தைத் தீர்த்தவரும் அவர்தான். 2025 கிராண்ட் ஃபைனலில் இடைவேளையின்போது 22-12 என்று பின்தங்கியிருந்த அணி, பிறகு மெல்போர்னை ஒரு புள்ளிகூட எடுக்க விடாமல் 26-22 என்று முடித்தது.

கேள்வி: நாங்கள் சிட்னி வென்ட்வொர்த்வில்லில் இருக்கும் ஈழத்துக் குடும்பம். பக்கத்து வீட்டுக்காரர் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் ரசிகர், பாவம். அவர்களுக்கு என்னதான் பிரச்சினை?

2005-ல் கோப்பை, 2011-க்குப் பிறகு 2025 வரை ஃபைனல்ஸ் இல்லை, 2022, 2023, 2024 மூன்று வருடமும் கடைசி இடம். இடையில் கான்கார்டில் பெரிய செலவில் புதிய பயிற்சி மையம் வேறு கட்டினார்கள். பால்மெய்ன், வெஸ்டர்ன் சபர்ப்ஸ் என்ற இரண்டு பழைய கிளப்களை 2000-ல் சேர்த்து உண்டாக்கியது அது. எந்த மைதானம் சொந்த மைதானம் என்பதே இழுபறி. பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், ஜேம்ஸ் டெடெஸ்கோ போன்ற பெரிய வீரர்கள் வெளியேறி வேறு கிளப்பில் கோப்பை வென்றார்கள். கட்டடம் காசுக்கு வந்துவிடும். யார் முடிவெடுப்பது என்பதில் ஒற்றுமை வராத கிளப்பில் அந்தக் கட்டடம் சும்மா நிற்கும்.

கேள்வி: சூதாட்ட இயந்திரக் காசில் பிள்ளைகளை வளர்ப்பதைக் கல்ச்சர் என்று புகழலாமா?

இது என்னை உறுத்துகிற விஷயம். மேற்கு சிட்னியில் அந்த இயந்திரங்களில் பணம் இழப்பவர்கள் பெரும்பாலும் சாதாரணக் குடும்பத்தினர். அதே குடும்பங்களின் பிள்ளைகளுக்குத்தான் ஜெர்சியும் மைதானமும் அந்தக் காசிலிருந்து போகிறது. நான் அதைப் புகழ மாட்டேன். ஒளிபரப்புப் பணம் இவ்வளவு வரும் காலத்தில், ஜூனியர் ஆட்டத்துக்கான முழுச் செலவையும் லீக்கே ஏற்க வேண்டும்.

கேள்வி: காசே இல்லாமல் கல்ச்சரை மட்டும் வைத்து ஜெயித்த கிளப் உண்டா?

கொஞ்ச காலத்துக்கு, உண்டு. இங்கிலாந்தின் சால்ஃபோர்டு குறைந்த பட்ஜெட்டில் இயன் வாட்சன் பயிற்சியில் 2019 சூப்பர் லீக் கிராண்ட் ஃபைனல் வரை போனது. 2020 சேலஞ்ச் கப் ஃபைனலில் லீட்ஸிடம் ஒரே புள்ளியில் தோற்றது. அதே கிளப் 2025 சீசனின் முதல் ஆட்டத்தில், நிதி நெருக்கடியால் செலவுக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டு, அனுபவமில்லாத பையன்களை இறக்கி செயின்ட் ஹெலன்ஸிடம் 82-0 என்று தோற்றது. சம்பளம் வருமா என்று தெரியாத வீரனிடம் போய்ப் பண்பாடு பேச முடியாது. அந்தப் பையன்களை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

காசை மட்டும் நம்பிய எதிர் உதாரணமும் உண்டு. கனடாவின் டொரான்டோ வுல்ஃப்பேக் 2020 சீசனுக்கு நியூசிலாந்து நட்சத்திரம் சோனி பில் வில்லியம்ஸையே கொண்டுவந்தது. ஆடிய ஆறு சூப்பர் லீக் ஆட்டங்களிலும் தோல்வி, கொரோனா வந்ததும் ஜூலையில் விலகல்.

காசும் கல்ச்சரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தின் ஹல் கே.ஆர் கிளப் உதாரணம். 1998 முதல் 2024 வரை சூப்பர் லீக் கிராண்ட் ஃபைனலை நாலே கிளப்கள்தான் வென்றிருந்தன: செயின்ட் ஹெலன்ஸ், விகன், லீட்ஸ், பிராட்ஃபோர்டு. அதில் பிராட்ஃபோர்டு கடனில் மூழ்கி 2017-ல் கலைக்கப்பட்டு, வேறு நிறுவனமாகத் தொடங்க வேண்டியிருந்தது. ஹல் கே.ஆர் 2020-ல் கடைசி. அப்போதும் உரிமையாளர் கிளப்பைக் கைவிடவில்லை. 2023-ல் சேலஞ்ச் கப் ஃபைனல் தோல்வி, 2024-ல் கிராண்ட் ஃபைனல் தோல்வி, பயிற்சியாளர் வில்லி பீட்டர்ஸ் அப்படியே தொடர்ந்தார். 2025-ல் சேலஞ்ச் கப், லீக் முதலிடத்துக்கான கேடயம், கிராண்ட் ஃபைனல் என மூன்று கோப்பையும் அவர்களுக்கே.

கேள்வி: 2028-ல் பப்புவா நியூ கினி அணி வருகிறது. வீரர்களுக்கு வரியே இல்லையாம். காசால் வாங்கிய அணியாகத்தானே இருக்கும்?

ஆஸ்திரேலிய அரசு பத்து வருடத்துக்கு 600 மில்லியன் டாலர் கொடுக்கிறது, வரிவிலக்கும் உண்மை. முதல் இரண்டு மூன்று வருடம் வெளிநாட்டுப் பெயர்களைக் காட்டித்தான் அணி நிற்கும். ஆனால் ரக்பி லீக் தேசிய விளையாட்டாக இருக்கும் ஒரே நாடு அது. ஆட்டத்தின் மேல் பைத்தியமாக இருக்கும் ஜனங்கள், இத்தனை காலம் தங்கள் பையன்களை வெளியூர் கிளப்புக்கு அனுப்பியே பழகியவர்கள். நான் அவர்கள் வாங்கும் நட்சத்திரங்களைப் பார்க்கப் போவதில்லை. அந்த 600 மில்லியனில் எவ்வளவு உள்நாட்டுப் பள்ளிகளுக்கும் மலைநாட்டு மைதானங்களுக்கும் போகிறது, ஐந்து வருடம் கழித்து களமிறங்கும் அணியில் அங்கே வளர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுவேன்.