பத்து மணிக்குக் கலைந்துபோகும் பாடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். வீட்டுக்கல்வி பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் படிக்கிறேன். நாங்கள் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். மூத்தவனுக்கு ஏழு வயது, அடுத்தவளுக்கு ஐந்து, கடைக்குட்டிக்கு இரண்டு. இன்னொன்று வயிற்றில், ஐந்து மாதம். இந்த ஆண்டு தொடக்கத்திலிருந்து மூத்தவனுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கிறேன். காலை எட்டு மணிக்கு ஜெபம், அப்புறம் ஒரு மணி வரை பாடம் என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். பத்து மணிக்கெல்லாம் அது கலைந்துவிடுகிறது. இவனுக்குக் கணக்குச் சொன்னால் அவள் அழுகிறாள், சின்னவன் புத்தகத்தைக் கிழிக்கிறான், நான் சத்தம் போட்டுவிடுகிறேன். ஜெபத்தில் தொடங்கும் காலை திட்டில் முடிகிறது. கணவருக்கு ஷிப்ட் வேலை. எங்களோடு இருக்கும் மாமியார் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். “எல்லாம் இங்கிலீஷ் புத்தகமாக இருக்கிறது. தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பியிருந்தால் தமிழாவது வந்திருக்கும், நாலு பிள்ளைகளோடு பழகியிருப்பான்” என்கிறார். சபையில் ஒருவர் இது சட்டப்படி குற்றம் என்று பயமுறுத்துகிறார். தொடரவா, விட்டுவிடவா?

ஒரு வாசகி,
செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

ஸ்தோத்திரம். முதலில் அந்த அட்டவணையைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். அது பள்ளிக்கூடத்துக்காக உண்டான அட்டவணை. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் வருகைப் பதிவு, வரிசை, ஓய்வு, ஒவ்வொருவர் நோட்டையும் திருத்துவது என்று ஐந்தாறு மணி நேரம் வேண்டித்தான் இருக்கும். ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் தாய் உட்கார்ந்து சொல்லித்தருவதற்கு அவ்வளவு நேரம் எதற்கு? ஏழு வயதுப் பையனுக்கு எழுத்து, வாசிப்பு, கணக்கு எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணி நேரம் போதும், அதையும் துண்டு துண்டாக. சிறுபிள்ளைகளின் பாடம் இருபது நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று இங்கிலாந்தின் சார்லட் மேசன் (1842–1923) அந்தக் காலத்திலேயே வற்புறுத்தினார். உலகம் முழுவதும் கிறிஸ்தவ வீட்டுக்கல்விக் குடும்பங்கள் இன்றும் அவர் வழியைப் பின்பற்றுகின்றன. கவனம் சிதறுகிற வரை இழுத்தால் பிள்ளை கற்றுக்கொள்வது கவனம் சிதறுவதைத்தான். ஐந்து வயது மகளுக்குப் பதினைந்து நிமிட எழுத்து போதும். மீதி நேரம் அவள் விளையாடட்டும்.

பத்து மணிக்குக் கலைவதற்குக் காரணம் மூத்தவன் அல்ல, கடைக்குட்டி. அவனுக்குத் தர வேண்டியதை முதலில் தந்துவிடுங்கள். பசியாறி முடித்ததும் மூத்தவனை உட்கார வைக்காதீர்கள். அந்த அரைமணி நேரம் சின்னவனுடையது. குளிப்பாட்டுங்கள், மடியில் வைத்துப் பாடுங்கள், தண்ணீர் வாளியும் கரண்டியும் கொடுத்துக் குளியலறை வாசலில் கூடவே உட்காருங்கள். வயிறும் மனசும் நிறைந்த இரண்டு வயதுப் பிள்ளை சற்று நேரமாவது உங்களைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விட்டுக்கொடுக்கும். அந்த இடைவெளியில் மகளின் எழுத்தை முடித்துவிடலாம். கணக்கைக் காலையில் தொடவே வேண்டாம். சின்னவன் மதியம் தூங்குகிற நேரம்தான் மூத்தவனின் கணக்கு நேரம். அந்த நேரத்தில் துணி மடிப்பதும் பாத்திரம் கழுவுவதும் வேண்டாம், அவை காத்திருக்கும்.

கணக்குப் பயிற்சிப் புத்தகத்தோடும் மல்லுக்கட்டாதீர்கள். எங்கள் மூன்றாமவள் ஏழு வயதில் 34-க்கும் 43-க்கும் வித்தியாசம் தெரியாமல் புத்தகத்தின் மேல் அழுதுகொண்டிருந்தாள். வீட்டில் ரசத்துக்குக் கரைத்த புளியின் கொட்டைகளைக் கழுவிக் காயவைத்து ஒரு டப்பாவில் சேர்த்திருந்தேன். கடையில் வாங்கும் முப்பது முட்டை அட்டை ஒன்றைத் தரையில் வைத்து, ஒரு குழிக்குப் பத்துக் கொட்டை என்று போடச் சொன்னேன். 34 என்றால் நிறைந்த குழி மூன்று, வெளியே நான்கு கொட்டை. 43 என்றால் குழி நான்கு, வெளியே மூன்று. இரண்டையும் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் நான் 43-இலிருந்து எட்டை எடு என்றேன். கையில் மூன்றுதான் இருக்கிறது. என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள், ஒரு குழியைத் தானே கவிழ்த்துக் கொட்டினாள். கடன் வாங்கிக் கழித்தலை அவளுக்கு நான் சொல்லித்தரவில்லை, அந்த முட்டை அட்டைதான் சொல்லித்தந்தது. (கொட்டையை வாயில் போடுகிற வயதில் உங்கள் வீட்டில் ஒருவன் இருக்கிறான். இதையும் அவன் தூங்கும்போதே செய்யுங்கள்.)

சரி, வெவ்வேறு வயதில் இருக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் தனித்தனிப் பாடம் என்றால் எந்தத் தாயாலும் முடியாது. கணக்கும் எழுத்தும் மட்டும் தனித்தனியாக இருக்கட்டும். மற்ற எல்லாவற்றையும் ஒரே பாயில், ஒரே கதையாக, எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். நாங்கள் வேதாகமக் கதையை அப்படித்தான் சொல்வோம். ஒருமுறைதான் படிப்பேன், பிறகு ஒரு பிள்ளை அதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். இதுவும் சார்லட் மேசன் வழிதான். எலியா கேரீத் ஆற்றங்கரையில் ஒளிந்திருந்தபோது காகங்கள் அவருக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்த கதையைப் படித்த அன்று, அப்போது ஐந்து வயதாக இருந்த மகன் எழுந்து நின்றான். “காக்கா ரொட்டி சானாய் தூக்கிட்டு வந்துச்சு, ஆனா கறி சிந்திடும்ல, அதனால இன்னொரு காக்கா பொட்டலம் கட்டி எடுத்துட்டு வந்துச்சு” என்றான். எட்டு வயது அண்ணன், காகம் நம்மிடமிருந்து பறித்துக்கொண்டு போகிற பறவையாயிற்றே, அது எப்படிக் கொண்டுவந்து கொடுக்கும் என்று கேட்டான். கடவுள் யாரைக் கொண்டு போஷிப்பார் என்ற பேச்சு அன்று மதியச் சாப்பாடு வரை நீண்டது. ஒரே கதைதான். சின்னவனுக்குப் பொட்டலம் கிடைத்தது, பெரியவனுக்குக் கேள்வி கிடைத்தது, தவழ்ந்துகொண்டிருந்த கைக்குழந்தை என் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்தக் கதை நேரத்தைத் தமிழில் நடத்துங்கள். இந்தக் கடிதத்தில் நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான்.

உங்கள் மாமியார் சொல்வது நியாயம். நமக்குக் கிடைக்கும் கிறிஸ்தவப் பாடத்திட்டங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் அச்சானவை. டாலரில் கணக்கு, பனி பெய்கிற கிறிஸ்துமஸ். நல்ல புத்தகங்கள்தான், ஆனால் அவற்றில் ஒரு வரி தமிழ் கிடையாது. நம் நாட்டில் ஒரு பிள்ளை தமிழ் எழுதப் படிக்கக் கற்க நிச்சயமான இடம் தமிழ்ப்பள்ளி. அங்கே மாணவர் எண்ணிக்கை குறைகிறது என்று எல்லோரும் கவலைப்படுகிற காலம் இது. நீங்கள் ஒரு பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் அந்த வகுப்பில் ஒரு நாற்காலி காலி. ஆகவே அந்தப் பொறுப்பையும் சேர்த்துத்தான் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறீர்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, கடமையாகச் சொல்கிறேன்.

கிறிஸ்தவப் பிள்ளைக்குத் தமிழ் அவ்வளவு முக்கியமா என்று சபையில் சிலர் கேட்பதுண்டு. எனக்கு அது மனசுக்குப் பொறுக்காது. தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715-இல் அச்சாகிவிட்டது. மலேசியாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக நாம் சொல்வது 1816-இல் இங்கே பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் ஏற்பட்ட தமிழ் வகுப்பை. அந்தப் பள்ளியைத் தொடங்கியவர் ஹட்சிங்ஸ் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர். நம் பாட்டிமார் ஜெபித்ததும் கீர்த்தனை பாடியதும் தமிழில். இன்று பாமாலைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் படிக்கத் தெரியாமல் திரையில் ஆங்கில எழுத்தில் வரும் தமிழ்ப்பாட்டைப் பார்த்துப் பாடுகிற பிள்ளைகள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அது அவர்கள் தவறல்ல, வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனால் உங்கள் வீட்டில் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு பெரியவர் இருக்கிறார்! எத்தனை குடும்பங்களுக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கும்? அவரிடம் போய், “அத்தை, நீங்கள் சொன்னது சரி. பிள்ளைகளுக்குத் தமிழ் உங்கள் பொறுப்பு” என்று சொல்லுங்கள். குறை சொல்பவராக ஓரத்தில் நிற்க வைக்காமல் ஆசிரியராக நடுவில் உட்கார வையுங்கள். தமிழ்ப்பள்ளியின் ஒன்றாம் ஆண்டுத் தமிழ்மொழிப் பாடநூல் ஒன்றை உறவினர் வீட்டிலோ தெரிந்த ஆசிரியரிடமோ கேட்டு வாங்குங்கள். உயிரெழுத்திலிருந்து அவர் பாணியிலேயே தொடங்கட்டும், விரலால் அரிசியில் எழுதச் சொன்னாலும் தடுக்காதீர்கள். கதைக்குக் கையில் புத்தகம் இல்லையென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, படத்தோடு. 23-ஆம் சங்கீதத்தை அத்தையே மனப்பாடமாகச் சொல்லித்தரட்டும். இரவு ஜெபத்தை மூத்தவன் தமிழில் செய்யட்டும், தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை.

உங்கள் கணவருக்கும் ஒரு பாடம் கொடுங்கள். தேசிய மொழியை அவர் எடுத்துக்கொள்ளலாம். ஷிப்ட் எப்படி மாறினாலும் ஒரு நாளில் கால்மணி நேரம் மலாய்க் கதைப்புத்தகம் படிக்க இடம் இருக்கும். பின்னாளில் மூத்தவன் தனியார் வேட்பாளராக எஸ்.பி.எம். என்ற இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வை எழுதினால் மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறினால்தான் சான்றிதழ். அதைவிட முக்கியம், கீழே விளையாடுகிற பையன்களோடு அவன் பேச வேண்டும்.

நாலு பேரோடு பழகுவதைப் பற்றி மாமியார் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. வீட்டுக்கல்விக் குடும்பங்கள் தங்களைப் போன்ற குடும்பங்களோடு மட்டும் கூடிக்கொள்வது எனக்குப் பிடிக்காது. மாலை ஐந்து மணிக்கு மேல் அடுக்குமாடியின் கீழே எல்லாப் பிள்ளைகளும் இறங்குவார்கள் அல்லவா? நீங்களும் இறங்குங்கள். மழை தவிர வேறு காரணம் சொல்லாதீர்கள். நாங்கள் இங்கே தண்ணீர்மலைப் பக்கம் 1884-இல் உருவான தாவரவியல் பூங்காவுக்குப் பிள்ளைகளை அடிக்கடி கூட்டிப்போவோம். அங்கே நாகலிங்க மரத்தடியில் உதிர்ந்த பூவை எடுத்து வைத்துக்கொண்டு, உள்ளே லிங்கம் போலவும் மேலே பாம்புப் படம் போலவும் இருப்பதைக் காட்டி, அடுத்த வீட்டு அக்கா இதை ஏன் கோயிலுக்கு எடுத்துப்போகிறார் என்று சொன்னேன். அன்று மாலையே பிள்ளைகள் அவரிடம் ஓடிப் போய்க் கேட்டார்கள், அவரும் சந்தோஷமாகச் சொன்னார். தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அண்டை வீடுகளுக்குப் போங்கள், கிறிஸ்துமஸுக்கு அவர்களைக் கூப்பிடுங்கள். பிள்ளை தன் விசுவாசத்தில் வளர மற்றவர்களிடமிருந்து ஒளிந்து வாழ வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றி: சபையில் அவர் பயமுறுத்தியதில் விஷயம் இருக்கிறது. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். ஜனவரி முதல் தேதியில் ஆறு வயது நிறைந்த பிள்ளையை அந்த ஆண்டில் தொடக்கப்பள்ளியில் பதிய வேண்டும். பதியாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே சட்டத்தில் விலக்களிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு இருக்கிறது. விலக்கு கேட்டு இதுவரை விண்ணப்பிக்கவில்லையென்றால் இந்த வாரமே தொடங்குங்கள். கல்வி அமைச்சுக்குக் கடிதம் எழுதுங்கள், கல்வி இலாகாவிலும் நேரில் போய்க் கேளுங்கள், கொடுத்த ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை எழுதிய நோட்டுகளைத் தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள். பலர் எதுவும் செய்யாமல் சும்மா இருந்துவிடுகிறார்கள், யாரும் கேட்கவில்லை என்று உங்களிடமும் சொல்வார்கள். உண்மையாய் வாழக் கற்றுக்கொடுக்கிற வீட்டில், பகலில் வாசல் மணி அடித்தால் பிள்ளை யார் கண்ணிலும் படக்கூடாது என்ற பயம் இருக்கக் கூடாது. விலக்கு கிடைக்கவில்லையென்றால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் சேருங்கள். அது தோல்வி இல்லை. அந்தக் கதைப் பாயை மாலையில் விரிக்கலாம்.

தொடரவா, விடவா என்று கேட்டீர்கள். சத்தம் போட்டதற்காக விடாதீர்கள். சத்தம் போட்ட அன்று பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுங்கள். ஆனால் உங்கள் உடம்பு முடியாமல் போனால், தூக்கமும் சாப்பாடும் கெட்டு நாளெல்லாம் அழுகை வந்தால், மருத்துவரிடம் சொல்லுங்கள், கணவரிடம் சொல்லுங்கள், பள்ளியைப் பற்றி யோசியுங்கள். பிள்ளைகளுக்குப் பாடத்திட்டத்தைவிட நல்ல உடம்போடு ஓர் அம்மா வேண்டும்.

குழந்தை பிறந்த பிறகு பத்தியச் சாப்பாடு முடிகிற வரை பாடமே வேண்டாம். கணக்கு, எழுத்து எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம், ஒன்றும் குடிமுழுகாது. கதையை மட்டும் அத்தை படிக்கட்டும், நீங்கள் படுத்துக்கொண்டு கேளுங்கள். அதற்குள் தமிழ்க் கதைப்புத்தகங்கள் வேண்டுமென்றால் முகவரியை எழுதுங்கள். எங்கள் பிள்ளைகள் படித்து முடித்தவை ஓர் அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன, அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா,
ஆயர் ஈத்தாம், பினாங்கு