15 இஞ்ச் சிஆர்டியில் ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’

உங்கள் சிஆர்டி, அதாவது பழைய படக்குழாய் மானிட்டர், ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ (தாங்கும் அளவுக்கு அப்பால்) என்று காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். மானிட்டர் கெடவில்லை. விண்டோஸ் அதற்கு 1920×1080 புள்ளி அளவில் படம் அனுப்புகிறது. லோகோ வரை தெரிந்து அப்புறம் இருள்கிறது என்கிறீர்களே, அதுதான் அடையாளம். 15 இஞ்ச் மானிட்டர்கள் பல 54 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 54 ஆயிரம் வரிகள்) வரைதான் தாங்கும்; 1080-க்கு 67 வேண்டும்.

1. லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் ரிப்பேர் திரை வரும்.

2. ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகத் தேர்ந்தெடுங்கள், பிறகு 3ஐ அழுத்துங்கள்; குறைந்த அளவுத் திரையில் விண்டோஸ் திறக்கும். உள்ளே போனதும் 1024×768, 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 முறை படம் புதுப்பிப்பது) வையுங்கள்.

கிருஷ்ணகிரியில் புதிதாக வாங்கிய கேபிள் என்றீர்கள். எனக்கு அதன்மேல்தான் சந்தேகம். விஜிஏ முனையில் (மானிட்டர் கேபிளின் முனை) 12, 15ஆம் பின்கள்தான் மானிட்டர் யார் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்பவை; அவை தொடாவிட்டால் கம்ப்யூட்டர் மானிட்டர் தாங்காத அளவை அனுப்பிவிடலாம். தர்மபுரி நாலு ரோடு பக்கம் நான் வாங்கிய கேபிளில் 12ஆம் பின் மடங்கிப் படுத்திருந்தது. ஊசியால் மெல்ல நிமிர்த்தினேன், சரியாகிவிட்டது. நடு வரிசையில் 9ஆம் பின் இல்லாவிட்டால் பரவாயில்லை, பல கேபிள்களில் அது இருக்காது.

60 ஹெர்ட்ஸில் திரை துடிக்கும், கண் வலிக்கும். அப்போது 800×600, 85 ஹெர்ட்ஸ் போட்டுப் பாருங்கள்.

எதற்காகவும் பின்மூடியைக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் படக்குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.